அசையாமல் கிடப்பதன் பெயர் தூக்கம்

இரவு ஒன்பதரை ஆனதும் கழுத்துப் பட்டையில் ஒரு பச்சை விளக்கு எரியும். எண்ணி நாற்பது நொடி. பொரி நின்றுகொண்டிருந்தால் முதலில் பின்னங்கால்கள் மடங்கும், அப்புறம் முன்னங்கால்கள், கடைசியில் தாடை தரையைத் தொடும். காலை ஆறு மணிக்கு விளக்கு அணைகிற வரையில் அந்த நாய் ஒரு தடவைகூடப் புரளாது, முனகாது, காதை ஆட்டாது. விடிந்ததும் கைபேசியில் ஒரு வரைபடம் வந்து நிற்கும்: ஆழ்ந்த உறக்கம், எட்டு மணி முப்பது நிமிடம். பக்கத்தில் சிரிக்கிற நாய்ப் படம்.

முதல் வாரம் வசந்தாமணி அந்த வரைபடத்தை அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் காட்டினாள். அப்படிக் காட்டித் திரிந்ததற்காகப் பிற்பாடு அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு பெரிய அடுக்ககத்தின் ஆறாவது மாடியில் அவர்கள் வீடு. வசந்தாமணிக்கு மின்வாரியத்தில் வேலை. வீடு வீடாக ஏறி இறங்கி ரீடிங் எடுத்தவள், மீட்டர்கள் தாமாகவே கணக்குச் சொல்லத் தொடங்கிய பிறகு புகார் மையத்தில் உட்கார வைக்கப்பட்டாள். கரண்ட் இல்லை என்று கூப்பிடுகிறவர்களிடம் எத்தனை மணிக்குப் போனது, இடையில் வந்ததா, வந்து எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டு எழுத வேண்டும். கணவர் மயில்சாமி பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். பிள்ளைகள் இல்லை. வீட்டில் மூன்றாவது ஆள் பொரி. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு மீட்டர் பெட்டிக்கு அடியில் கிடந்து கத்திய நாட்டு நாய்க்குட்டி. பழுப்பு உடம்பில் பொரியை அள்ளி இறைத்தாற்போல வெள்ளைப் புள்ளிகள்.

எட்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. போன மாசிக்கு மேல்தான் அது இரவில் தூங்காமல் போயிற்று. படுக்கும், எழுந்திருக்கும், கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடக்கும். டைல்ஸ் தரையில் நகங்கள் படுகிற சத்தம் விடிய விடியக் கேட்கும். ஒரு மணிக்கு மேல் பால்கனிக் கதவருகே போய் நின்று ஊளையிடும். மயில்சாமி நாலரைக்கு எழுந்தாக வேண்டியவர். பஸ்ஸில் டிரைவர் முகத்தைப் பார்த்தபடியே ஒரு கருவி உண்டு. இமை கொஞ்ச நேரம் கூடுதலாக மூடினால் கூவும், கூவியதை ஆபீசுக்கும் சொல்லிவிடும். அது மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. நான்காவது தடவை சொன்னால் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள். பின்னால் நாற்பது குழந்தைகள் உட்கார்ந்திருக்கிற பஸ். இறக்குவதுதான் நியாயம் என்று மயில்சாமியே சொன்னார்.

அந்த நேரத்தில்தான் குடியிருப்போர் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. நாய் வைத்திருக்கிற முப்பத்தொரு வீட்டுக்காரர்களும் இரவு ஒன்பதரைக்குள் நாய்க்கு ‘நிம்மதி’ மாட்டிவிட வேண்டும். ‘நிம்மதி’ என்பதுதான் அந்தப் பட்டையின் பெயர். சங்கத் தலைவர் சம்பத்குமார், ஒரு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், நாய்க்கும் தூக்கம், நமக்கும் தூக்கம் என்று நோட்டீஸ் பலகையில் தம் கையாலேயே எழுதி ஒட்டினார். மயில்சாமி தயங்கியபோது, சீக்கிரம் வாங்கிவிடலாம் என்று சொன்னவள் வசந்தாமணிதான்.

இரண்டாவது வாரத்திலேயே பொரி பகலில் சுருண்டு கிடக்க ஆரம்பித்தது. சோற்றை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஒன்பது மணி ஆனதும் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒண்டிக்கொள்ளும். வசந்தாமணி மண்டி போட்டு, நல்ல பேச்சுப் பேசி, வெளியே இழுத்துப் பட்டையை மாட்டுவாள். இரண்டு முறை அவள் கையிலேயே அது சிறுநீர் விட்டுவிட்டது. வயதாகிவிட்டது, அதனால்தான் இப்படி என்று நினைத்தாள். வரைபடம் தினமும் பச்சையாகவே வந்துகொண்டிருந்ததால் வேறு எதையும் நினைக்கத் தோன்றவில்லை.

நாற்பதாவது நாள் அவளுக்குக் கடைவாய்ப்பல் வலி. இரவு இரண்டு மணிக்குக் கிராம்பு தேடிச் சமையலறைக்குப் போனாள். விளக்கைப் போட்டாள். கூடத்தில் பொரி வழக்கம்போல ஒருக்களித்துக் கிடந்தது. தாண்டிப் போகும்போது, அதன் கண் திறந்திருப்பதைப் பார்த்தாள். சில நாய்கள் கண்ணை அரைகுறையாக மூடித்தான் தூங்கும் என்று கிராம்பை எடுத்துக்கொண்டு திரும்பினாள். அந்தக் கண் அவளோடு கூடவே திரும்பியது.

அவள் நின்றாள். இடது பக்கம் ஒரு எட்டு நகர்ந்தாள். கண் இடது பக்கம் வந்தது. வலது பக்கம் நகர்ந்தாள். வலது பக்கம் வந்தது. குனிந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வாலின் நுனிகூட அசையவில்லை. ஆனால் கண் அவள் முகத்தை விட்டு விலகவில்லை. கண்ணுக்குக் கீழே ரோமம் நனைந்து ஒட்டியிருந்தது.

பட்டையைக் கழற்றி எறிந்தாள். பொரி உடனே எழவில்லை. சில நிமிடங்கள் கழித்து உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. பிறகு முன்னங்கால்களால் தரையைப் பற்றி இழுத்து இழுத்து, அவளுக்கு நேர் எதிர் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. கிட்டே போனாள். சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டது. கடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மயில்சாமியை எழுப்பி, இவ தூங்கலீங்க, கண்ணு முழிச்சுக் கெடக்கறாளுங்க என்றாள். அவர் எழுந்து வந்து பார்த்தார். பல் வலியிலும் தூக்கக் கலக்கத்திலும் ஏதோ கனாக் கண்டிருப்பாய் என்று சமாதானம் சொன்னார். பத்துப் பேருக்குத் தெரியாததா, கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாததா என்றார்.

அடுத்து அவள் செய்த காரியம் பின்னாளில் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் இரவு அவளே பொரிக்கு மறுபடியும் பட்டையை மாட்டினாள். ஒரு தடவை பார்த்ததை யாரும் நம்ப மாட்டார்கள். புகார் மையத்தில் ஏழு வருடம் உட்கார்ந்தவளுக்கு அது தெரியும். நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அரை மணிக்கு ஒரு முறை அதன் கண்ணெதிரே விரலை இடமும் வலமுமாக நகர்த்தினாள். பத்து மணி: விரலோடு வருகிறது. பத்தரை: வருகிறது. பதினொன்று: வருகிறது. விடியற்காலை ஐந்தரை வரையில் பதினாறு முறை பார்த்தாள். இரண்டு முறை மட்டும் கண் மூடியிருந்தது. மற்றப் பதினான்கு முறையும் விழிப்பு. நான்கு மணிக்கு மேல் மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் விரலை நகர்த்தினாள். அதன் தலையில் கையை வைத்துக்கொண்டு, இதோ விடிஞ்சுரும் சாமி, இதோ விடிஞ்சுரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆறு மணிக்கு வரைபடம் வந்தது. ஆழ்ந்த உறக்கம், எட்டு மணி முப்பது நிமிடம்.

மயில்சாமி நோட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். பிறகு, பஸ்ஸில் ஒரு மெஷின் என் கண்ணை மட்டும்தான் பார்த்துக்கொண்டே இருக்கிறது, மனிதன் கண்ணைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு நாய் கண்ணைப் பார்க்கத் தெரியாமல் போய்விட்டதா என்று கேட்டார். அன்றைக்கு அவர் டீ குடிக்காமலே வேலைக்குப் போனார்.

கம்பெனியின் எண்ணைக் கூப்பிட்டால் இனிமையான ஒரு இயந்திரக் குரல் பேசியது. வசந்தாமணி விவரம் சொன்னாள். உங்கள் செல்லப் பிராணி நேற்று எட்டரை மணி நேரம் நன்றாகத் தூங்கியிருக்கிறது, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, நன்றி என்றது குரல். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி தீர்க்கப்பட்டது. ஒரே நாளில் ஒன்பது முறை அவள் புகார் தீர்க்கப்பட்டது. பத்தாவது முறை அவள் வேறு மாதிரிச் சொன்னாள்: பட்டை மாட்டியும் நாய் குரைக்கிறது. மறுநாள் காலை பதினோரு மணிக்கே வாசலில் ஆள் வந்து நின்றது.

வந்தவள் பெயர் ஷிபானா. முப்பது வயது இருக்கும். கம்பெனியின் கள இன்ஜினியர். தோளில் ஒரு கருவிப் பை. குரைக்கிற நாய் எங்கே என்றுதான் முதலில் கேட்டாள். வசந்தாமணி அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, நோட்டை எதிரில் வைத்தாள். பதினாறு வரிகளையும் ஷிபானா மெதுவாகப் படித்தாள். படித்து முடித்தவள் பையைத் திறக்கவில்லை.

"கனவு காணும்போது நம்ம உடம்பு தானாவே பூட்டிக்கும் மேடம். இல்லேன்னா கனவுல ஓடுறவங்க நெஜமாவே எழுந்து ஓடிருவாங்க. நாய்க்கும் அப்படித்தான். அந்தப் பூட்டை மட்டும் வெளியில இருந்து போடுறதுதான் இந்தப் பட்டை. கழுத்து நரம்புல ஒரு சின்னத் துடிப்பு, அவ்வளவுதான். மூச்சும் கண்ணும் மட்டும் பூட்டுக்கு வெளியில நிக்கும்."

"பூட்டுனா தூக்கம் வந்துருமாக்கும்?"

"வரும்னு நெனச்சாங்க. உடம்பு அடங்குனா மூளையும் அடங்கிரும்னு. பத்துல நாலு நாய்க்கு வருது."

"மீதி ஆறு?"

ஷிபானா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். "மீதி ஆறும் அசையாது மேடம். அசையலன்னா தூங்குதுன்னு வரைபடம் எழுதிக்கும். அதுக்குத் தெரிஞ்சது அசைவு ஒண்ணுதான்."

இது கம்பெனிக்குத் தெரியுமா என்று வசந்தாமணி கேட்டாள். குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். தெரியும் என்றாள் ஷிபானா. தனக்கும் ஒரு வருடமாகத் தெரியும் என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள்:

"எங்களுக்கு வர்ற புகாரை எடுத்துப் பாருங்க. சத்தம் நிக்கலன்னு வரும். சார்ஜ் நிக்கலன்னு வரும். நாய் தூங்கலன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல. நீங்கதான் முதல் ஆள்."

வசந்தாமணி அவளைத் திட்ட வாயெடுத்தாள். அவளும் பட்டை வாங்கிய அன்றைக்குத் தூக்கத்தையா வாங்கினாள்? சத்தமில்லாத வீட்டைத்தானே வாங்கினாள்? அந்த எண்ணம் வந்ததும், எதிரில் இருப்பவளைத் திட்டுவதற்கு எடுத்த சொல் பாதி தன் பக்கமே திரும்பியது.

மயில்சாமி பஸ்ஸில் காலை டிரிப் முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். வாசல் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், மேசைமேல் கிடந்த பட்டையை எடுத்தார். என்னதான் பண்ணுகிறது என்று நானும் பார்க்கிறேன், நாற்பது ராத்திரி அது பட்டதை நான் நாலு நிமிடம் படுகிறேன் என்று அதைத் தம் கழுத்தில் சுற்றிக் கொக்கியைத் தேடினார்.

ஷிபானா நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். பட்டையைப் பறித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"நாய்ப் பட்டைதானுங்க. மனுசனுக்கு என்ன பண்ணிரப் போகுது?" என்றார் மயில்சாமி.

"பண்ணும் சார்."

"எப்படித் தெரியும்?"

உள்ளே கட்டிலுக்கு அடியிலிருந்து பொரி ஒரு தடவை பெருமூச்சு விட்டது கேட்டது.

"இது முதல்ல நாய்க்குச் செஞ்சது இல்ல சார். மனுசங்களுக்குச் செஞ்சது. காப்பகத்துல இருக்கற வயசானவங்களுக்கு, ஞாபகம் தப்பிப் போனவங்களுக்கு. ராத்திரியில எழுந்து நடக்கறாங்க, கத்தறாங்க, ஒரே ஆளு இருபது பேரைப் பாத்துக்க முடியலன்னு கேட்டாங்க. நாலு வருசம் அங்க நல்லாப் போச்சு. ஒரு புகார்கூட வரல. அதனாலதான் நாய்க்கும் கொண்டு வந்தாங்க."

"அங்க எப்ப நிறுத்துனாங்க?" என்று கேட்டாள் வசந்தாமணி.

ஷிபானா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கேள்வி புரியாதவள் போல இருந்தது அந்தப் பார்வை.

"நிறுத்தலையே மேடம். ஒரு புகாரும் வரலன்னு சொன்னேன்ல."

அதற்கு மேல் அவள் உட்காரவில்லை. நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள் என்றுகூடச் சொல்லவில்லை. பட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும் கட்டில் பக்கம் திரும்பி ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் வசந்தாமணி எழுந்து பேசினாள். நோட்டில் எழுதியிருந்ததைப் படித்தாள். பூட்டைப் பற்றிச் சொன்னாள். காப்பகத்தைப் பற்றியும் சொன்னாள். சம்பத்குமார் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு சொன்னார்:

"நாய் சத்தம் போடுதாம்மா? போடல. அப்புறம் என்ன பிரச்சினை?"

"பிரச்சினை நாய்க்குங்க."

சிலர் சிரித்தார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், இரவு வேலைக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள், மனிதர்களை விட்டுவிட்டு நாய்க்காக அழ முடியுமா என்றார் ஒருவர். மனிதர்களைப் பற்றியும்தான் சொன்னேன் என்று அவள் சொன்னது மின்விசிறிச் சத்தத்தில் அமுங்கிப்போனது. தீர்மானம் அப்படியே நிற்கட்டும் என்று நூற்று நாற்பது பேர் கை தூக்கினார்கள். வேண்டாம் என்று ஒன்பது பேர். இனிமேல் ஆறாவது மாடி நாய் ஒரு இரவு குரைத்தாலும் அதை வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். அதை எழுதியவர் தம் மடியில் பொம்மை போன்ற ஒரு வெள்ளை நாயை வைத்துத் தடவிக்கொடுத்துக்கொண்டே எழுதினார். அதன் கழுத்திலும் பட்டை. அன்று சாயங்காலம் இரண்டு வீட்டுக்காரர்கள் மட்டும் யாருக்கும் தெரியாமல் வந்து, விரலை எப்படி நகர்த்திப் பார்க்க வேண்டும் என்று கேட்டுப் போனார்கள்.

பட்டையில்லாமல் பொரியை எப்படித் தூங்க வைப்பது? மயில்சாமியின் வேலையும் போகக்கூடாது. நாயும் வெளியே போகக்கூடாது. வசந்தாமணி அதைத் தூக்கிக்கொண்டு கணபதி பகுதியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனாள். நடுத்தர வயதுப் பெண். பொரியை மேசையில் நிற்க வைத்துத் தலையிலிருந்து தடவிக்கொண்டே வந்த கை இடுப்புக்கு வந்ததும் பொரி வெடுக்கென்று திரும்பிப் பல்லைக் காட்டியது. படம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்க இடுப்பு மூட்டும் தேய்ந்திருந்தது. எங்கே படுக்கும் என்று டாக்டர் கேட்டார். டைல்ஸ் தரையில் என்றாள் வசந்தாமணி. வெறும் தரையில் அரை மணி ஒரே பக்கமாகப் படுத்தால் வலி தாங்காது, அதனால்தான் எழுந்து நடந்திருக்கிறது, புரண்டு படுத்தால் கொஞ்சம் தேவலாம் என்றார் டாக்டர்.

புரண்டு படுத்தால். வசந்தாமணி அந்த அறையிலேயே நின்று இரவுகளை எண்ணினாள். வலிக்கிற இடுப்பை அடியில் வைத்து, எட்டரை மணி நேரம், புரள முடியாமல். நாற்பத்தொரு இரவு. அதில் ஒன்று அவள் நோட்டில் எழுதுவதற்காக.

வைத்தியம் ஒன்றும் பெரிதில்லை. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. இடுப்புக்கு அமுங்கிக் கொடுக்கிற ஒரு தடித்த மெத்தை. சாயங்காலம் அவசரப்படுத்தாமல் முக்கால் மணி நேர நடை. வேகம் வேண்டாம், அது மோந்து பார்க்கிற இடத்திலெல்லாம் நின்று மோந்து பார்க்கட்டும், மூக்கு களைத்தால் நாய் தானாகத் தூங்கும் என்றார் டாக்டர். ராத்திரிச் சோறு ஏழு மணிக்கே. படுக்கப் போகுமுன் ஒரு தடவை கீழே கூட்டிப்போய் வர வேண்டும். மெத்தையை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் போடுங்கள் என்றார். அவ்வளவுதான். முப்பத்தொரு வீட்டில் ஒருவர்கூட, இந்த நாய் ஏன் தூங்கவில்லை என்று கேட்டதில்லை. கேட்காத கேள்விக்குத்தான் கழுத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

முதல் வாரம் பொரி கட்டில் பக்கமே வரவில்லை. ஒன்பது மணியானால் ஒளிந்துகொள்கிற பழக்கம் போகவில்லை. வசந்தாமணி லீவு போட்டு, மெத்தைக்குப் பக்கத்தில் தரையிலேயே பாய் விரித்துப் படுத்தாள். கூப்பிடவில்லை, இழுக்கவில்லை. எட்டாவது நாள் அது வந்து மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தது. பத்தாவது நாள் படுத்தது. மூன்று வாரத்தில், இரவில் இரண்டு தடவை புரண்டு, ஒரு தடவை கனவில் கால்களை உதறி, நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கியது. அந்தக் குறட்டைச் சத்தத்தில் மயில்சாமியும் தூங்கினார். பஸ் மெஷின் பிறகு கூவவில்லை.

லிஃப்டில் ஒரு நாள் சம்பத்குமார் அவளைப் பார்த்துப் பாராட்டினார். ஆறாவது மாடியில் இப்போது சத்தமே இல்லை, பார்த்தீர்களா, பட்டை வேலை செய்கிறது என்றார். பட்டை ஒரு மாதமாக அலமாரியில் கிடக்கிறது, சார்ஜ் இல்லாமல், என்றாள் வசந்தாமணி. அவர் அதைக் காதில் வாங்கவில்லை. நாலாவது மாடி வந்ததும் இறங்கிக்கொண்டார்.

பொரி தேறிவிட்டது. ஆனால் வசந்தாமணிக்குத் தூக்கம் போயிற்று. படுத்தால் ஷிபானா சொன்னதுதான் காதில் கேட்டது. நாலு வருடம், ஒரு புகாரும் வரவில்லை. அரசாங்கத்தின் மூன்று துறைகளுக்கு எழுதினாள். எந்தக் காப்பகம், யாருக்கு என்ன நேர்ந்தது, சாட்சி யார் என்று ஒரு துறை மட்டும் கேட்டு எழுதியது.

எந்தக் காப்பகம் என்று தேட அவளுக்கு ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. கம்பெனியே தன் வலைத்தளத்தில் ஊர் ஊராகப் பட்டியல் போட்டிருந்தது, மாலை போட்டுத் திறந்துவைத்த படங்களோடு. மறைக்க வேண்டிய காரியம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஒன்று அன்னூர் சாலையில், வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே போனாள். இடம் சுத்தமாக இருந்தது. வாசலில் செம்பருத்தி. மேற்பார்வை பார்க்கிற அம்மாள் நல்ல மாதிரி, காபி கொடுத்தாள். உறவினரைச் சேர்க்க வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, தானாகவே ஆண்கள் கூடத்துக்குக் கூட்டிப்போனாள். பதினான்கு கட்டில்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் வெளிர்நீலத்தில் மெல்லிய துணிப்பட்டை, குளிருக்குச் சுற்றியது போல. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் உறக்கக் கணக்கு காட்டுகிற ஒரு சின்னத் திரை. ஒன்பது மணி. ஒன்பது மணி ஐந்து நிமிடம். எல்லாம் பச்சை.

"முன்னெல்லாம் ராத்திரியில இங்க நிக்க முடியாதுங்க," என்றாள் அந்த அம்மாள். "இப்பக் குழந்தையாட்டத் தூங்கறாங்க."

முதல் கட்டிலில் இருந்தவர் பெயர் ஆறுச்சாமி என்று எழுதியிருந்தது. எண்பது வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே தோல் பையாகத் தொங்கியது. வசந்தாமணி கட்டில் ஓரமாக நின்று, ராத்திரி நல்லாத் தூங்குனீங்களாங்க ஐயா என்று கேட்டாள். அவர் மேற்பார்வை அம்மாளை ஒரு தடவை பார்த்துவிட்டு, தூங்கினேன் என்று தலையை ஆட்டினார். வசந்தாமணி கேள்வியை மாற்றினாள். நேற்று ராத்திரி மழை பெய்ததா என்று கேட்டாள்.

"பேஞ்சுதே," என்றார் ஆறுச்சாமி. "பதனொண்ணேகாலுக்கு ஒண்ணு. ஜன்னல் சாத்தல, சாரல் காலு மேல அடிச்சுது. அப்பறம் ஒரு மணிக்கு ஒண்ணு. மூணேகாலுக்கு ஒண்ணு, இடியோட."

"மணி எப்படிங்க தெரியும்?"

அவர் எதிர்ச் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு கடிகாரம், இருட்டிலும் எண்கள் தெரிகிற மாதிரி.

மேற்பார்வை அம்மாள் சிரித்தாள். இவருக்கு இதே வேலை, தினமும் ஒரு கதை சொல்வார், திரையைப் பாருங்கள் ஒன்பது மணி நேரம் தூங்கியிருக்கிறார் என்றாள். வசந்தாமணி திரையைப் பார்க்கவில்லை. நேற்று இரவு ஒவ்வொரு மழைச் சத்தத்துக்கும் பொரி பயந்து எழுந்துகொண்டதும், அதன் முதுகைத் தடவியபடி அவள் கைபேசியில் மணி பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருந்ததும் அவளுக்குத்தானே தெரியும். பதினொன்றேகால். ஒன்று. மூன்றேகால். முன்னே பின்னே சில நிமிடம்தான்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அதுவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இப்போது மெல்லத் திரும்பினார்.

"மூணு இல்ல ஆறுச்சாமி," என்றார். "நாலு. கடைசி மழ அஞ்சு மணிக்கு, பால் வண்டி வர்றப்ப. உனக்கு எப்பவும் கணக்குத் தப்பு."

அந்த நாலாவது மழையைப் பற்றி வசந்தாமணிக்கு எதுவும் தெரியாது. அந்த நேரம் அவளும் பொரியும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மேற்பார்வை அம்மாள் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். காலையில் பால் வாங்கப் போனபோது தன் சேலை நனைந்தது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

வசந்தாமணி ஒரு நாற்காலியை இழுத்து இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் போட்டாள். நோட்டைத் திறந்தாள்.

"சொல்லுங்க ஐயா," என்றாள். "மொதல் நாள்ல இருந்து சொல்லுங்க."